பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுப் பயிற்சி: ஆய்வு சொல்வது என்ன, டெல்டாவில் நாம் செய்வது என்ன?

வெட்டாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். அப்பாவுக்கு 62 வயது, விவசாயம். சம்பா நடவு முடிந்த கையோடு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 108-ல் ஏற்றிக்கொண்டு போய் உயிரைக் காப்பாற்றிவிட்டோம். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. விரல்கள் மடங்கியே இருக்கின்றன, ரொம்ப முயன்றால் கொஞ்சம் விரிகின்றன.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் பார்க்க வேண்டிய ஊர்கள் ஏராளம், அடுத்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட நாட்களில் அவர் காட்டிக்கொடுத்ததை அம்மாவும் நானும்தான் செய்ய வைக்கிறோம். சித்தப்பாவோ, "இதெல்லாம் வீண். எண்ணெய் போட்டு நீவிவிட்டு ஓய்வாகப் படுக்க வையுங்கள், வேண்டுமானால் டவுனில் தசைக்குக் கரண்ட் வைக்கலாம்" என்கிறார். இதற்கிடையில் இணையத்தில் தேடினேன். இந்தியாவிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்ததால் எந்தப் பயனும் இல்லை என்று முடிவு வந்ததாகப் படித்தேன். அதிலிருந்து மனசு சரியில்லை. நாங்கள் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெல்டா உழவன்

தம்பி, என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. இப்போது கம்பு ஊன்றி வாய்க்கால் வரை போகிறார். படுக்கப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படித்தவர்கள் மீதியைச் சொல்வார்கள்.

குடந்தை பிசியோ

தம்பி, நீங்கள் படித்தது அட்டெண்ட் ஆய்வு. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்து நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு கூடுதலாக, வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி: எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, அடுத்த இலக்கு எது. இது மருத்துவமனையில் தொடங்கி வீட்டில் இரண்டு மாதம் வரை நடந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் துணையில்லாமல் இருக்க முடியாதவர்களும் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். இரண்டு பக்கமும் 47 சதவீதம்.

இதில் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கவனியுங்கள். பயிற்சி செய்தவர்களையும் படுத்தே கிடந்தவர்களையும் ஒப்பிடவில்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் பயிற்சி உண்டு, அவர்கள் வீட்டிலும் மனைவியும் மகனும் மருமகளும் கூடவே இருந்திருப்பார்கள். நம் ஊரில் நோயாளியைத் தனியாக விட்டுவிடும் வீடு எங்கே இருக்கிறது? ஆகவே "அந்தக் கூடுதல் பாடம் கூடுதல் பலன் தரவில்லை" என்பதுதான் முடிவு. "பயிற்சியே வீண்" என்று அதில் எங்கும் இல்லை. சித்தப்பா சொல்வதற்கு அந்த ஆய்வு துணை நிற்காது.

செங்கிப்பட்டி எம்பிடி

முதுகலை பிசியோதெரபி மாணவன் நான். மேடம் சொன்ன விளக்கம் சரி. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குப் பிடிக்காத முடிவு வந்தால் உடனே அதற்கு ஒரு சமாதானம் தேடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. அட்டெண்ட் ஆய்வை நடத்தியவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: புதிய சான்று வராத வரை, மறுவாழ்வுப் பணியைக் குடும்பத்தார் தலையில் மாற்றி வைக்கும் திட்டங்களுக்குப் பணம் போடுவதை இந்த முடிவு ஆதரிக்கவில்லை என்று. "வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்று எந்த வார்டும் இனி சொல்ல முடியாது.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வு. ஐந்து நாடுகள், 2104 நோயாளிகள். வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தைவிட அதிகமாக நடமாட வைத்தால் நல்லது என்று அப்போது பலரும் நம்பினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நன்றாகத் தேறியவர்கள் அந்தக் குழுவில்தான் குறைவு. முதல் நாளிலேயே அளவுக்கு மீறி எழுப்புவது உதவவில்லை. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், அதனால் பயப்பட வேண்டாம். அளந்து பார்க்காமல் எதையும் "நல்லது" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குடந்தை பிசியோ

தம்பி சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு நாளைக் காலையில் என்ன செய்வது என்றும் தெரிய வேண்டுமே.

எனக்கு முக்கியமாகப் படுவது, கை எத்தனை முறை வேலை செய்கிறது என்பது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் லாங் குழுவினர் 312 பயிற்சி அமர்வுகளை உட்கார்ந்து கவனித்து எண்ணினார்கள். கையை உண்மையான வேலைக்குப் பயன்படுத்தும் பயிற்சி பாதி அமர்வுகளில்தான் நடந்தது. அப்படி நடந்த அமர்வுகளிலும் சராசரி 32 முறை. மூளை மாற்றம் பற்றிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய வைக்கிறார்கள். நம் கிளினிக்குகளில் நிலைமை இதைவிட மேல் என்று என்னால் சொல்ல முடியாது. வெளியே ஆள் காத்திருக்கும், பத்து தடவை கையைத் தூக்கவிட்டு, கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

அதே லாங் குழு 2016-ல் 85 பேரை வைத்து, எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டப் பலனும் கூடுகிறதா என்று பார்த்தது. அப்படிக் கூடவில்லை. அவர்கள் வாதம் வந்து ஆறு மாதமாவது கடந்தவர்கள். ஆகவே வெறும் எண்ணிக்கை பின்னால் ஓடுவதும் சரியில்லை. அந்த மனிதருக்கு வேண்டிய வேலையாக இருக்க வேண்டும், கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்க வேண்டும், மறுநாளும் செய்ய மனசு வர வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் நான் நம்புவது இதைத்தான்.

வீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறதா? கையால் தள்ளாமல் அதிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். திண்ணை உயரம் சுலபமானால் கட்டில், அதுவும் சுலபமானால் முக்காலி. முக்காலி நகராமல் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். வலது பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். எழும்போது எடை இரண்டு காலிலும் இறங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் நல்ல கால் பக்கமே சாய்வார். பக்கவாதத்துக்குப் பிந்தைய கால் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

ஓய்வு ஆசிரியர், திருவையாறு

எனக்கே இடது பக்கம் விழுந்து எழுந்தவன் நான். மருத்துவ விஷயம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது மனசைப் பற்றி.

அந்த நாட்களில் எனக்கு எதிலும் விருப்பம் இல்லாமல் போய்விட்டது. பேரன் கையைப் பிடித்து "தூக்குங்க தாத்தா" என்றால் கோபம்தான் வந்தது. சோம்பேறித்தனம், அடம் என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு ஒரு மருத்துவர்தான், இது வாதத்தின் கூடவே வரும் மனச்சோர்வு, மருந்து இருக்கிறது என்றார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சை எடுத்த பிறகே பயிற்சியில் எனக்குப் பிடிப்பு வந்தது. உங்கள் அப்பா முகத்தைப் பாருங்கள் தம்பி. சாப்பாட்டில் ருசி இல்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சு இல்லை என்றால் அதையும் பிசியோவிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள்.

வெட்டாற்றங்கரை

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து அம்மாவிடம் காட்டினேன். அப்பா பேசுவது குறைந்துவிட்டது என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை, வாய் குழறுவதால் என்று நினைத்திருந்தோம். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கிறோம்.

குடந்தை மேடம், கைக்கு என்ன செய்வது? உத்தரத்தில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு முனையை வலது கையில் சுற்றி, இடது கையால் இழுக்க வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. தோள் வலிக்கிறது என்கிறார்.

குடந்தை பிசியோ

கப்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். இது டெல்டா முழுக்க வீட்டுக்கு வீடு தொங்குகிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. வாதம் வந்த தோளில் தசைகள் மூட்டைத் தாங்கிப் பிடிப்பதில்லை. தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் கையை மட்டும் மேலே இழுத்தால் உள்ளே நசுங்குகிறது. 1990-லேயே 28 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மூன்று விதப் பயிற்சிகளை ஒப்பிட்டதில், கப்பி போட்டவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதை மீறிக் கப்பி கட்ட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தூக்கி உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் தலையணை மேல் இருக்கட்டும். எண்ணெய் தேய்ப்பது லேசாக என்றால் தப்பில்லை, சித்தப்பா மனசும் நோகாது. ஆனால் சூடு ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோல் சுட்டாலும் தெரியாது. கரண்டைப் பொறுத்தவரை, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கு வைத்து, அதே நேரத்தில் அவரும் முயன்றால் உதவுகிறது. படுத்துக்கொண்டு கரண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் அவ்வளவாகப் பலன் இல்லை.

செங்கிப்பட்டி எம்பிடி

கண்ணாடிப் பயிற்சியையும் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் மேசைக் கண்ணாடியே போதும். இரண்டு கைக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை விரித்து மூட வேண்டும். விழுந்த கை அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். கை வெட்டப்பட்டவர்களின் இல்லாத கையில் வரும் வலிக்காக இதை முதலில் யோசித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். 1999-ல் பக்கவாதத்துக்கும் இதை முயன்று பார்த்தார்கள். 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 1982 பேர். கை அசைவு கூடுகிறது என்பதற்கு நடுத்தர நம்பகத்தன்மை உள்ள சான்று இருக்கிறது என்றது.

நல்ல கையைக் கட்டிப்போட்டு விழுந்த கையை வேலை வாங்கும் முறையும் உண்டு. 2006-ல் வந்த எக்சைட் ஆய்வு, 222 பேர், வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை. பலன் ஒரு வருடம் கழித்தும் இருந்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு தானாக நிமிர்பவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் அப்பா அந்த அளவுக்கு வந்துவிட்டாரா என்று பிசியோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் கட்ட வேண்டாம். நடக்கும்போது நல்ல கை கட்டியிருந்தால் விழுந்துவிடுவார்.

வலங்கைமான் கலா

இழை திசை மாறினால் மன்னிக்கவும். என் அம்மா நடவு ஆள், களையும் எடுப்பார். முதுகு வலி என்று ஸ்கேன் எடுத்ததில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். இனி வயலில் இறங்கவே கூடாது, முழு ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள். குறுவைக்கு அவர் கூலி இல்லாவிட்டால் எங்களுக்குக் கஷ்டம்.

குடந்தை பிசியோ

கலா, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இதெல்லாம் தெரியும். 2015-ல் வந்த ஒரு தொகுப்பு, முதுகு வலி இல்லாத 3110 பேரின் படங்களைப் பார்த்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயதில் 84 சதவீதம். படம் மட்டும் அம்மாவின் வலிக்குக் காரணம் சொல்லாது. முழு ஓய்வும் உதவாது. 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் பார்த்தபோது, இரண்டு நாள் படுக்கை ஓய்வு எடுத்தவர்களையும் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்தவரை வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

ஆனால் ஹெல்சிங்கி ஊழியரின் "வழக்கமான வேலை" வேறு, முழங்கால் சேற்றில் காலை முதல் குனிந்தே இருப்பது வேறு. "வழக்கம்போல் வேலைக்குப் போங்கள்" என்று அந்த ஆய்வைக் காட்டி நடவுப் பெண்ணிடம் சொல்வது நியாயம் ஆகாது. வலி கடுமையாக இருக்கும் நாட்களில் நடவு வேண்டாம், நடப்பது, வீட்டு வேலை எல்லாம் தொடரட்டும். திரும்பப் போகும்போது அரை நாளில் தொடங்கட்டும், இடையிடையே நிமிர்ந்து பின்னால் வளையட்டும். களைக்குக் கோனோவீடர் (நின்றபடியே தள்ளும் களைக்கருவி) உள்ள வயலாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கட்டும். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனை, அதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

செங்கிப்பட்டி எம்பிடி

மேடம் தொட்ட இடம்தான் எனக்கும் உறுத்தல். கைத் திறனை அளக்க நாங்கள் படிக்கும் சோதனைகளில் ஒன்று ஜெப்சன் சோதனை, 1969-ல் வந்தது. அதில் சாப்பிடும் திறனை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? தேக்கரண்டியில் அவரை விதையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். நம் ஆள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஐந்து விரலையும் குவித்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறார். அதற்கு விரல் விரிய வேண்டும், குவிய வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும், சூடு தெரிய வேண்டும். தேக்கரண்டிச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, பந்தியில் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்டெண்ட் ஆய்வின் முக்கிய அளவுகோலும் துணை தேவையா, இல்லையா என்ற கணக்குதான். தரையில் உட்கார்ந்து எழுவது, ஆற்றுப் படித்துறையில் இறங்குவது, வரப்பில் நடப்பது இதெல்லாம் அந்தக் கணக்கில் தனியாகத் தெரியாது.

இன்னொன்று. குடும்பத்தார் மட்டும் போதாது என்று சொன்ன அதே ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர்களையும் ஊர் அளவிலான குழுவையும் வைத்துப் பார்ப்பதுதான் அடுத்த கேள்வி என்று எழுதினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊருக்குள்ளேயே தன்னார்வலர், அவருக்கு மேல் பிசியோ, செவிலியர் என்று அந்த அமைப்பு நம் கண் முன்னால் இயங்குகிறது. எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்ற எண்ணிக்கை போதாது. போன வீட்டில் எத்தனை பேர் சொந்தக் கையால் சாப்பிட்டார்கள் என்று எழுதத் தொடங்கினால், அட்டெண்ட் விட்டுப்போன கேள்விக்கு டெல்டாவிலிருந்தே பதில் கொடுக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செய்ய முடியாத வேலை இல்லை இது.

கோட்டூர் தன்னார்வலர்

நான் திருவாரூர் மாவட்டத்தில் அந்தத் தன்னார்வலர் வேலையில் இருப்பவள். சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் தினசரி வேலை. தம்பி சொல்வது நல்ல யோசனை. ஆனால் எங்கள் கையில் ஏற்கெனவே நிறையப் பதிவுகள். கேள்வி இரண்டோ மூன்றோ இருந்தால் நிச்சயம் கேட்டு எழுதுவோம். "சொந்தக் கையால் சாப்பிட்டீர்களா, வாசல் வரை நடந்தீர்களா, இந்த மாதம் விழுந்தீர்களா" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாங்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான், எங்களிடம் மறைக்காமல் சொல்வார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கேள்வியைச் சரியாக அமைத்துக் கொடுத்து, வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகையும் கொடுக்கட்டும்.

நன்னிலம் தம்பிக்கு ஒன்று. பிசியோ வரத் தாமதமானால் உங்கள் ஊர்த் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். நடக்க ஆரம்பித்ததும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை விட்டு, இரண்டாவது தடவை விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. கப்பியைக் கழற்றிவிட்டேன். திண்ணையில் எழுந்து உட்காருவதை அப்பாவே எண்ணிக்கொண்டு செய்கிறார். இடது கையால் சாப்பிட்டாலும், கடைசி இரண்டு வாய் வலது கையால் முயலட்டும், அம்மா கீழே தாங்கிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறோம். சரிதானே மேடம்? அப்புறம், வயலைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கூட்டிப்போகலாமா?

குடந்தை பிசியோ

சரிதான். அம்மா முழங்கையைத் தாங்கினால் போதும், விரல் வேலையை அவரே செய்யட்டும். முதலில் தயிர்சாதம் மாதிரி குழைந்த சோறு, விழுங்கும்போது இருமல் வருகிறதா என்றும் பாருங்கள். இருமல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயலுக்குக் கூட்டிப்போங்கள், கட்டாயம் போங்கள். வரப்பு மட்டும் இப்போது வேண்டாம். வண்டியில் களம் வரை போய், கெட்டியான தரையில் இறங்கி நடக்கட்டும். காலில் பின்னால் வார் உள்ள செருப்பு, இடது கையில் கம்பு, வலது பக்கம் நீங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு போங்கள், ஈரப் புல்லில் வழுக்கும். உட்கார ஒரு நாற்காலியும் எடுத்துப் போங்கள்.